ஜப்பானிய உயர்நிலைப் பள்ளியில் உங்கள் ஆய்வைப் பற்றிப் பேசப் போகிறீர்களா?

கேள்வி கேட்டவர் ஜப்பானுக்கு போஸ்ட்டாக்காக, அதாவது முனைவர் பட்டத்துக்குப் பிந்தைய ஆய்வாளராக, வந்து ஓராண்டு ஆகவில்லை. பெரோவ்ஸ்கைட் என்ற படிக வகைப் பொருளால் செய்யும் சூரிய மின்கலங்களில் வேலை செய்கிறார். ஜப்பானிய அறிவியல் மேம்பாட்டுக் கழகத்தின் (ஜே.எஸ்.பி.எஸ்.) நிதியில் நடக்கும் சயின்ஸ் டயலாக் திட்டத்தில் பெயர் கொடுத்திருந்தார். இப்போது ஓர் உயர்நிலைப் பள்ளி 90 நிமிட உரைக்கு அழைத்திருக்கிறது. எளிய ஆங்கிலத்தில், மாணவர்களுக்குப் புரியும்படி பேச வேண்டும் என்பது அவருக்கு வந்திருக்கும் குறிப்பு. அவருக்கு ஜப்பானிய மொழி தெரியாது. ஆய்வை எவ்வளவு சொல்வது, இந்தியாவைப் பற்றி எவ்வளவு சொல்வது, சோதனை ஏதாவது செய்து காட்டலாமா, புடவை கட்டிக்கொண்டு போகலாமா என்று வரிசையாகக் கேட்டிருக்கிறார். இத்தனைக்கும் அடியில் வேறொரு கேள்வி இருப்பதாக எனக்குப் படுகிறது. ஆங்கிலம் பாதி, இயற்பியல் பாதி மட்டுமே தெரிந்த பிள்ளைகள் முன்னால் ஒன்றரை மணி நேரம் நின்று ஆய்வைப் பேசுவதால் அவர்களுக்கு ஏதாவது கிடைக்குமா, அல்லது இது வெறும் சடங்கா?

கிடைக்கும். ஆனால் அது மேடையில் நீங்கள் எவ்வளவு நன்றாகப் பேசுகிறீர்கள் என்பதைவிட, அதற்கு முந்தைய மூன்று நான்கு வாரங்களில் அந்தப் பள்ளி ஆசிரியரோடு சேர்ந்து என்ன செய்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. என் பதில் முழுக்க இதைச் சுற்றித்தான் இருக்கும்.

நானும் பொருளறிவியல் (மெட்டீரியல்ஸ் சயின்ஸ்) துறையில்தான் இருக்கிறேன். ஜப்பானில் பல ஆண்டுகளாக வேலை. இத்திட்டத்தில் நானே பேசியிருக்கிறேன். அப்புறம் எங்கள் ஆய்வகத்துக்கு வரும் போஸ்ட்டாக்குகளுக்குத் துணையாகவும் பள்ளிகளுக்குப் போயிருக்கிறேன். இரண்டாவது வேலையில்தான் அதிகம் கற்றேன். கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தால், எந்த ஸ்லைடு வரும்போது பிள்ளைகளின் பேனா நிற்கிறது என்பது தெரிந்துவிடும். நான் பார்த்தவை பெரும்பாலும் அறிவியலுக்கு முக்கியத்துவம் கொடுக்கும் பள்ளிகள். ஆகவே இங்கே உறுதியாகச் சொல்லக்கூடியதையும், என் கண்ணுக்குப் பட்டதை மட்டும் வைத்துச் சொல்வதையும் பிரித்துக் காட்ட முயல்கிறேன்.

முதலில் உறுதியானவை. சயின்ஸ் டயலாக் 2004இல் தொடங்கியது. ஜே.எஸ்.பி.எஸ். உதவித்தொகையில் வெளிநாடுகளிலிருந்து வந்திருக்கும் ஆய்வாளர்கள் உயர்நிலைப் பள்ளிகளுக்குப் போய், தங்கள் ஆய்வையும் தங்கள் நாட்டையும் பற்றி ஆங்கிலத்தில் பேசுவது இதன் வடிவம். மாணவர்களுக்கு ஆராய்ச்சியில் ஆர்வம் வர வேண்டும், பிற நாட்டவரோடு பழகும் வாய்ப்பும் கிடைக்க வேண்டும் என்று நோக்கம் இரண்டு. அழைக்கும் பள்ளிகளில் கணிசமானவை சூப்பர் சயின்ஸ் ஹைஸ்கூல் என்று அரசு அறிவித்த பள்ளிகள். அந்த ஏற்பாட்டை ஜப்பானியக் கல்வி அமைச்சகம் 2002இல் தொடங்கியது. அங்கே மாணவர்கள் தாங்களே சிறு ஆய்வுகள் செய்வார்கள். உங்கள் பள்ளி அந்த வகையா என்று முதலில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். அப்படியென்றால் உங்கள் முன் உட்காரும் பிள்ளைகளும் ஏதோ ஒரு கேள்வியை வைத்துக்கொண்டு தரவு சேகரித்துக்கொண்டிருப்பவர்கள். அவர்களோடு பேச உங்களுக்கு நிறையவே இருக்கிறது.

இங்கே உயர்நிலைப் பள்ளி என்பது மூன்று ஆண்டுகள். நம் கணக்கில் 10, 11, 12ஆம் வகுப்பு, வயது 15 முதல் 18. கல்வியாண்டு ஏப்ரலில் தொடங்கும். பெரும்பாலான பள்ளிகளில் இரண்டாம் ஆண்டிலிருந்து அறிவியல் பிரிவு, கலைப் பிரிவு என்று பிரிகிறார்கள். அறிவியல் பிரிவிலும் வேதியியலோடு இயற்பியல் அல்லது உயிரியல் என்று ஒன்றை எடுப்பதுதான் வழக்கம். அதாவது உங்கள் அரங்கில் பாதிப் பேருக்கு மின்கலத்தின் இயற்பியல் பாடமாகவே இல்லாமல் போகலாம். கணிதத்தில் இன்னொரு விஷயம் இருக்கிறது, பலர் கவனிப்பதில்லை: மடக்கையும் வகைநுண்கணிதமும் வழக்கமாக இரண்டாம் ஆண்டில்தான் வருகின்றன. முதலாண்டு மாணவர்களிடம் மடக்கை அளவுகோலில் வரைந்த வரைபடத்தைக் காட்டினால் மரியாதையாகப் பார்ப்பார்கள், ஒன்றும் படிக்க மாட்டார்கள். நம் துறையில் பாதி வரைபடங்கள் அப்படித்தான் இருக்கும். எல்லாவற்றையும் சாதாரண அளவுகோலில் திரும்ப வரையுங்கள். இரண்டு கோடுகளுக்கு மேல் ஒரே படத்தில் போடாதீர்கள்.

சரி, ஆசிரியருக்கு எழுதும் முதல் மின்னஞ்சல். பலரும் தலைப்பையும் சுருக்கத்தையும் அனுப்பிவிட்டு விட்டுவிடுகிறார்கள். நான் கேட்கச் சொல்வது இவை: எந்த ஆண்டு மாணவர்கள், எத்தனை பேர், வகுப்பறையா விளையாட்டு அரங்கா, இயற்பியல் எடுத்தவர்கள் எவ்வளவு, மின்சுற்றும் அணு அமைப்பும் எதுவரை நடந்திருக்கின்றன, உரைக்கு முன்னால் ஆசிரியரால் ஒரு வகுப்பு ஒதுக்க முடியுமா. கடைசிக் கேள்விதான் முக்கியம். ஒரு வகுப்பு 50 நிமிடம். அந்த நேரத்தில் ஆசிரியர் உங்கள் சொற்பட்டியலையும் ஒரு பக்கச் சுருக்கத்தையும் ஜப்பானிய மொழியில் நடத்திவிட்டால், உங்கள் 90 நிமிடம் அப்படியே இரண்டு மடங்கு பயன் தரும். மறுக்கும் ஆசிரியரை நான் பார்த்தது அரிது. ஆனால் அவர்களாக வந்து கேட்க மாட்டார்கள். விருந்தினருக்குச் சிரமம் கொடுக்கக் கூடாது என்ற தயக்கம். நீங்கள்தான் தொடங்க வேண்டும். மூன்று வாரத்துக்கு முன்பாவது அனுப்பிவிடுங்கள், ஏனென்றால் தேர்வு, பள்ளி விழா என்று அவர்கள் நாட்காட்டி இறுக்கமாக இருக்கும்.

சொற்பட்டியலைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லியாக வேண்டும். இருபது சொற்கள் போதும். ஆங்கிலச் சொல், ஜப்பானியச் சொல், ஒரு சிறு படம். உங்கள் ஆய்வகத்தில் யாராவது ஒரு முதுகலை மாணவர் அரை மணி நேரத்தில் செய்து கொடுத்துவிடுவார். வேதிப்பெயர்களில் ஒரு பொறி உண்டு. ஜப்பானியப் பள்ளிப் பாடத்தில் பல பெயர்கள் ஜெர்மன் வழியாக வந்தவை. சோடியம் அவர்களுக்கு நத்தோரியுமு, பொட்டாசியம் கரியுமு, டைட்டானியம் சித்தான். எனர்ஜியே எனெருகீ என்றுதான் ஒலிக்கும், ஜ அல்ல, கடினமான க. நீங்கள் பொட்டாசியம் என்று பத்து முறை சொன்னாலும், தினமும் பாடத்தில் படிக்கும் அதே தனிமம் என்று அவர்களுக்குத் தோன்றாது. திரையில் வேதிக்குறியீட்டைப் போட்டுவிட்டால் பிரச்சினை தீர்ந்தது. அதுபோலப் பெரிய எண்கள். நாம் லட்சம், கோடி என்று எண்ணுகிறோம். அவர்கள் பத்தாயிரத்தை ஓர் அலகாக வைத்து எண்ணுகிறார்கள், அதற்கு மேல் பத்துக் கோடிக்கு ஒரு பெயர். மில்லியன், பில்லியன் இரு தரப்புக்குமே மனதில் உடனே வராத எண்கள். பத்தின் அடுக்காக எழுதிக் காட்டுங்கள், இரண்டு நொடி நிறுத்துங்கள்.

உங்களோடு ஒருவர் துணையாக வரலாம் என்பது இத்திட்டத்தின் நல்ல அம்சம். பெரும்பாலும் உங்கள் ஆய்வகத்தைச் சேர்ந்த ஜப்பானியர் ஒருவர். அவரை வரிக்கு வரி மொழிபெயர்க்க வைக்காதீர்கள். அப்படிச் செய்தால் 90 நிமிடம் 45 ஆகிவிடும். பிள்ளைகளும் ஆங்கிலத்தைக் காதில் வாங்காமல் ஜப்பானிய மொழிக்காகக் காத்திருப்பார்கள். பத்துப் பன்னிரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை நீங்கள் நிறுத்த வேண்டும், அவர் மூன்று வாக்கியத்தில் இதுவரை சொன்னதைச் சுருக்கிச் சொல்ல வேண்டும். அந்த மூன்று வாக்கியங்களை முன்கூட்டியே இருவரும் உட்கார்ந்து எழுதிக்கொள்ளுங்கள். முடிந்தால் பேராசிரியரைவிட ஒரு முதுகலை மாணவரை அழைத்துப் போங்கள். பள்ளிப் பிள்ளைகளுக்கும் அவருக்கும் ஆறேழு வயதுதான் வித்தியாசம், உரை முடிந்ததும் அவரைச் சுற்றி நின்று கேட்பார்கள். இது என் கருத்துதான். உங்கள் பேராசிரியர் தானே வர விரும்பினால் அதிலும் ஒரு நன்மை உண்டு, பள்ளி முதல்வர் மகிழ்வார்.

ஆங்கிலம் எப்படி? இந்தப் பிள்ளைகள் ஆண்டுக்கணக்கில் ஆங்கிலம் படித்தவர்கள். 2020 முதல் தொடக்கப் பள்ளி ஐந்தாம் வகுப்பிலேயே அது பாடமாகிவிட்டது. எழுத்தில் பார்த்தால் நிறையப் புரியும். காதில் கேட்டுப் பிடிப்பதுதான் கடினம். எனவே திரையில் ஒவ்வொரு ஸ்லைடுக்கும் ஒரு முழு வாக்கியம் இருக்கட்டும், அதை நீங்கள் அப்படியே வாசியுங்கள். மாநாட்டில் இதைச் செய்தால் குற்றம், இங்கே உதவி. நம் தமிழ் உச்சரிப்பை நினைத்து வெட்கப்பட ஒன்றுமில்லை. வேகம்தான் சிக்கல். நாம் வேகமாகப் பேசுகிறோம், வாக்கியத்தின் முடிவை விழுங்கிவிடுகிறோம். ஒவ்வொரு வாக்கியத்தையும் முடித்து மூச்சு விட்டு அடுத்ததுக்குப் போங்கள். வழக்கமாக நாற்பது ஸ்லைடு போடுபவர் என்றால் பதினைந்தில் நிறுத்துங்கள்.

இனி ஆய்வு. உங்கள் ஆய்வுக் கட்டுரையைச் சுருக்கிச் சொல்ல வேண்டாம். ஒரே ஒரு கேள்வியை எடுங்கள். உங்கள் துறை அதற்கு அருமையாகப் பொருந்துகிறது, ஏனென்றால் பெரோவ்ஸ்கைட் சூரிய மின்கலம் ஜப்பானிலேயே பிறந்தது. யோகோகாமாவில் தோயின் பல்கலைக்கழகப் பேராசிரியர் சுதோமு மியாசாகாவின் குழு 2009இல் முதல் கட்டுரையை வெளியிட்டது. கட்டுரையின் முதல் ஆசிரியர் அகிஹிரோ கோஜிமா அப்போது ஆய்வு மாணவர். சூரிய ஒளியை மின்சாரமாக மாற்றும் செயல்திறன் 3.8 சதவீதம்தான். திரவ மின்பகுளியில் பெரோவ்ஸ்கைட் கரைந்துவிடும் என்பதால் கலம் சிறிது நேரத்திலேயே கெட்டுவிடும். 2012இல் திரவத்துக்குப் பதிலாகத் திடப்பொருளை வைத்த பிறகுதான் உலகம் திரும்பிப் பார்த்தது. இன்று ஆய்வக அளவில் 25 சதவீதத்தைத் தாண்டிவிட்டது. ஒரு மாணவரின் வேலை, கிட்டத்தட்ட தோற்றுப்போன ஒரு கலம், மூன்றாண்டு மௌனம், அப்புறம் ஒரு பொருளை மாற்றியதும் வந்த பாய்ச்சல். பதினாறு வயதுப் பிள்ளைக்கு இது முழுக்கப் புரியும். நீங்கள் இன்று செய்வது இதன் எந்தப் படியில் வருகிறது என்று கடைசியில் ஐந்து நிமிடம் சொன்னால் போதும்.

உங்கள் கலத்தில் அயோடின் இருக்கிறது என்பதையும் விடாதீர்கள். உலக அயோடின் உற்பத்தியில் சிலிக்கு அடுத்த இடம் ஜப்பானுக்கு. அதில் பெரும்பகுதி தோக்கியோவுக்கு அருகே சிபா மாகாணத்தில், நிலத்தடியில் இயற்கை எரிவாயுவோடு மேலே வரும் உப்புநீரிலிருந்து எடுக்கப்படுகிறது. சிலிக்கானுக்கான மூலப்பொருளை வெளியிலிருந்து வாங்கும் ஒரு நாட்டில் இது ஏன் அரசு வரை பேசப்படுகிறது என்பது அந்தப் பிள்ளைகளுக்கு உடனே புரியும். அவர்கள் புவியியல் பாடத்தோடு உங்கள் வேதியியல் வந்து சேர்ந்துகொள்ளும்.

சோதனை செய்து காட்டலாமா என்றால், காட்டுங்கள். ஆனால் உங்கள் மாதிரிகளைக் கொண்டு போகாதீர்கள். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அவற்றில் ஈயம் இருக்கிறது, கரைப்பான்களும் நல்லவை அல்ல. மூடி ஒட்டிய கலமாக இருந்தாலும் கண்ணாடி உடையும். மெல்லிய படலம் சூடாகும்போது மஞ்சளிலிருந்து கரும்பழுப்பாக மாறுவதைக் கைப்பேசியில் ஒரு காணொளி எடுத்துக் காட்டுங்கள். அறை முழுக்க ஆ என்று ஒரு சத்தம் வரும். கையால் செய்ய வேண்டுமென்றால் சாயமேற்றிய சூரிய மின்கலம் இருக்கிறது: மின்கடத்தும் கண்ணாடி, டைட்டானியம் டை ஆக்சைடு பூச்சு, செம்பருத்தித் தேநீரின் சிவப்புச் சாயம், அயோடின் கரைசல், எதிர்முனைக்குப் பென்சில் கரி. ஒரு கலத்திலிருந்து அரை வோல்ட்டுக்குச் சற்றுக் குறைவாக வரும். 1991இல் ஓ'ரீகனும் கிரேட்செலும் விவரித்த கலத்தின் எளிய வடிவம் இது. 2009இல் மியாசாகா குழு செய்ததும் அந்தச் சாயத்தின் இடத்தில் பெரோவ்ஸ்கைட்டை வைத்ததுதான் என்பதால் கதையோடு ஒட்டும். பூச்சைச் சுடுவதற்கு உயர்வெப்பம் வேண்டும், அதை ஆய்வகத்திலேயே முடித்து எடுத்துப் போங்கள். எந்தப் பொருள், எவ்வளவு, கழிவை என்ன செய்வீர்கள் என்று ஒரு பட்டியலைப் பள்ளியின் வேதியியல் ஆசிரியருக்கு முன்பே அனுப்பி அவர் சரி என்ற பிறகே கொண்டு போங்கள். அயோடின் கறை பற்றியும் சொல்லிவிடுங்கள், மேசைகள் அவர்களுடையவை.

இந்தியாவைப் பற்றி எவ்வளவு? 90 நிமிடத்தில் பத்து, மிஞ்சினால் பதினைந்து. தேசியக் கொடி, தாஜ்மகால், மக்கள்தொகை, மசாலா என்று போகும் ஸ்லைடுகளை இணையத்தில் யாரும் பார்த்துக்கொள்ளலாம். நீங்கள் மட்டும் சொல்லக்கூடியது உங்கள் பள்ளி. எத்தனை மணிக்கு மணி அடிக்கும், வகுப்பில் எத்தனை பேர், எந்த மொழியில் அறிவியல் படித்தீர்கள், ஆய்வகத்தில் முதலில் கையால் தொட்ட கருவி எது. தமிழ் வழியில் படித்துவிட்டுக் கல்லூரியில் ஆங்கிலத்துக்கு மாறியவர் என்றால் அதைக் கட்டாயம் சொல்லுங்கள். ஆங்கிலத்துக்குப் பயப்படும் ஜப்பானியப் பிள்ளைகளுக்கு அது நேரே போய்ச் சேரும். உங்கள் ஊரின் மழை வரைபடத்தையும் ஜப்பானுடையதையும் பக்கத்தில் வைத்துக் காட்டலாம்: ஆண்டு மழை சென்னையிலும் தோக்கியோவிலும் கிட்டத்தட்ட ஒரே அளவுதான், ஆனால் நமக்கு அக்டோபர் முதல் டிசம்பர் வரை கொட்டித் தீர்க்கிறது, அவர்களுக்கு ஜூனில் ஒரு மழைக்காலம், செப்டம்பரில் புயல்களோடு இன்னொன்று. சூரிய மின்சக்தி பற்றிப் பேசுபவருக்கு இது வெறும் அறிமுகம் அல்ல, பாடத்தின் பகுதி.

இரு நாட்டுக்கும் பொதுவான ஓர் அறிவியல் கதை வேண்டுமென்றால் கோலார் தங்கவயலை எடுத்துக்கொள்ளுங்கள். 1965இல் அங்கே தரைக்கடியில் இரண்டு கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழத்தில், டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம், ஜப்பானின் ஒசாகா நகரப் பல்கலைக்கழகம், இங்கிலாந்தின் டர்ஹாம் பல்கலைக்கழகம் மூன்றும் சேர்ந்து வளிமண்டல நியூட்ரினோவை, அதாவது விண்வெளிக் கதிர்கள் காற்றில் மோதும்போது பிறக்கும் மிக நுண்ணிய துகளை, பதிவு செய்தன. உலகில் முதன்முதலாக அதைக் கண்ட இரண்டு குழுக்களில் அது ஒன்று. கமியோக்காந்தே என்ற நியூட்ரினோ ஆய்வுக்கூடத்தின் பெயரை ஜப்பானியப் பிள்ளைகள் கேள்விப்பட்டிருப்பார்கள். அதன் அடுத்த வடிவமான சூப்பர் கமியோக்காந்தேயில் நியூட்ரினோ வகை மாறுவதை 1998இல் கண்டதற்காகத்தான் தகாகி கஜிதாவுக்கு 2015இல் நோபல் கிடைத்தது. அதற்குப் பல ஆண்டுகள் முன்பே ஜப்பானிய இயற்பியலாளர்கள் ஒரு இந்தியச் சுரங்கத்துக்குள் இறங்கினார்கள் என்பதும், அந்தச் சுரங்கத்தை வெட்டியவர்களில் பெரும்பாலோர் வட ஆற்காடு போன்ற பகுதிகளிலிருந்து போன தமிழ்த் தொழிலாளர்கள் என்பதும் அங்கே யாருக்கும் தெரியாது. நம்மிலேயே எத்தனை பேருக்குத் தெரியும்?

நம்மவர்களிடம் குறிப்பாகச் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. பள்ளி மேடை ஏறினாலே நமக்கு அறிவுரை சொல்லும் பழக்கம் வந்துவிடுகிறது. கனவு காணுங்கள், கடுமையாக உழையுங்கள், பெற்றோரை மதியுங்கள். நம் ஊர் ஆண்டுவிழாக்களில் சிறப்பு விருந்தினர் அப்படிப் பேசியே கேட்டு வளர்ந்தவர்கள் நாம். தயவுசெய்து இங்கே வேண்டாம். அந்த வாக்கியங்கள் எளிய ஆங்கிலத்தில் இருப்பதால் சொல்லவும் சுலபம், புரியவும் சுலபம். அதனாலேயே கடைசிப் பத்து நிமிடத்தை அவை தின்றுவிடும். அதற்குப் பதில் நீங்கள் ஏன் இந்தத் துறைக்கு வந்தீர்கள் என்பதை உண்மையாகச் சொல்லுங்கள். வேறு இடம் கிடைக்காமல் வந்தீர்கள் என்றால் அப்படியே சொல்லுங்கள். எந்தப் பிரிவை எடுப்பது என்று குழம்பிக்கொண்டிருக்கும் பிள்ளைக்கு அது பெரிய ஆறுதல்.

கேள்வி நேரம்தான் எல்லோரையும் பயமுறுத்துவது. கேள்விகள் உண்டா என்று நீங்கள் கேட்டதும் அரங்கு அமைதியாகிவிடும். அது ஆர்வமின்மை அல்ல என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியும், ஏனென்றால் அதே பிள்ளைகள் எழுதிக் கொடுக்கும் தாள்களைப் படித்திருக்கிறேன். எல்லோர் முன்னாலும், அதுவும் வேற்று மொழியில், தனியாக எழுந்து நிற்பதுதான் அவர்களுக்குக் கடினம். இதற்கு இரண்டு வழிகள் நன்றாக வேலை செய்கின்றன. நடுவில் ஒரு கேள்வியை நீங்களே போட்டு, பக்கத்தில் இருப்பவரோடு ஜப்பானிய மொழியில் மூன்று நிமிடம் பேசச் சொல்லுங்கள்; பிறகு குழுவின் சார்பாக ஒருவர் சொல்லட்டும். தன் கருத்து என்பது போய் எங்கள் கருத்து என்றானதும் கை தானாக மேலே வரும். இரண்டாவது, நுழையும்போதே ஒரு சிறு தாள் கொடுத்து எந்த மொழியிலும் கேள்வி எழுதலாம் என்று சொல்லிவிடுங்கள். இடைவேளையில் உங்கள் துணைவர் அதிலிருந்து ஏழெட்டை எடுத்து மொழிபெயர்த்துக் கொடுப்பார். உரைக்கு 55 நிமிடம், கேள்விக்கும் உரையாடலுக்கும் 35 என்று பிரிப்பது எனக்குப் பிடித்த கணக்கு. சோதனை இருந்தால் உரையில்தான் கை வைக்க வேண்டும், கேள்வி நேரத்தில் அல்ல. ஒன்றிரண்டு பேர் தூங்கினால் மனம் வாடாதீர்கள். காலையில் விளையாட்டுப் பயிற்சி, மாலையில் டியூஷன் என்று ஓடும் பிள்ளைகள் அவர்கள்.

நடைமுறை விஷயங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நுழைவாயிலில் காலணியைக் கழற்றிவிட்டு அவர்கள் தரும் செருப்பில் உள்ளே போக வேண்டும். அரை மணி முன்னால் போய்ச் சேருங்கள். முதல்வர் அறையில் தேநீரும் பெயர் அட்டைப் பரிமாற்றமும் இருக்கும். வகுப்பின் தொடக்கத்திலும் முடிவிலும் ஒரு மாணவர் குரல் கொடுக்க எல்லோரும் எழுந்து வணங்குவார்கள், நீங்களும் தலை குனிந்து வணங்கினால் போதும். விளையாட்டு அரங்கு என்றால் ஜூலையில் புழுக்கம், ஜனவரியில் உறைபனி, ஒலிபெருக்கி எதிரொலிக்கும். முதலிலேயே நின்று பேசிப் பாருங்கள். பிள்ளைகளைப் படம் எடுத்துச் சமூக வலைத்தளத்தில் போடுவது கூடவே கூடாது. குழு படம் எடுத்தாலும் அதை எங்கே பயன்படுத்தலாம் என்று ஆசிரியரிடம் கேட்டுவிடுங்கள். தனிப்பட்ட தொடர்பு எண்களைப் பரிமாறிக்கொள்ள வேண்டாம். தொடர்ந்து கேட்க விரும்பும் பிள்ளை ஆசிரியர் வழியாக எழுதட்டும். ஸ்லைடுகளில் இன்னும் வெளியிடாத தரவு இருந்தால் உங்கள் பேராசிரியர் பார்த்துச் சரி சொன்ன பிறகே காட்டுங்கள், அந்த ஸ்லைடுகள் எங்கே போகும் என்று தெரியாது. பொதுப் பணத்தில் நடக்கும் நிகழ்ச்சி என்பதால் நிறுவன விளம்பரம், மத, அரசியல் பிரச்சாரம் எதுவும் தொட வேண்டாம். பயணச் சீட்டுகளையும் ரசீதுகளையும் பத்திரமாக வையுங்கள். பணம் வருவது, அதற்கான படிவம் பற்றிய கேள்விகளை உங்கள் பல்கலைக்கழக அலுவலகத்திடம் போவதற்கு முன்பே கேட்டுவிடுவது நல்லது.

இப்போது உறுதியில்லாத பகுதி. இப்படி ஒரு நாள் உரை ஒரு மாணவரை அறிவியலுக்குக் கொண்டுவந்துவிடும் என்று நம்புகிறவர்கள் உண்டு. என்னால் அப்படிச் சொல்ல முடியாது. உரை முடிந்ததும் நிரப்பும் கருத்துத்தாளில் பெரும்பாலோர் நன்றாக இருந்தது என்றுதான் எழுதுவார்கள், அது விருந்தினருக்கான மரியாதை. நான் கொஞ்சம் நம்பிக்கையோடு சொல்லக்கூடியது இவ்வளவுதான்: ஏற்கெனவே சிறு ஆய்வு ஒன்றைச் செய்துகொண்டிருக்கும் பிள்ளைகளுக்கு இது உதவுகிறது. சோதனை தோற்றால் ஆய்வாளர்களும் அதைத் திரும்பச் செய்கிறார்கள், பதில் தெரியவில்லை என்று சொல்கிறார்கள் என்பதை நேரில் பார்த்த பிறகு அவர்கள் கேட்கும் கேள்விகள் மாறுவதைக் கவனித்திருக்கிறேன். பெண் ஆய்வாளர் பேசும்போது மாணவிகள் அதிகம் பேசுகிறார்கள் என்றும் எனக்குத் தோன்றியிருக்கிறது. ஆனால் நான் பார்த்தவை சில பள்ளிகள்தான், அதை விதியாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ஜப்பானில் பெண் ஆய்வாளர்களின் விகிதம் வளர்ந்த நாடுகளிலேயே மிகக் குறைவானவற்றில் ஒன்று என்பது மட்டும் உறுதி. நீங்கள் அங்கே போய் நிற்பது அந்த மாணவிகளுக்குச் சாதாரணக் காட்சி அல்ல.

புடவை கேட்டிருந்தீர்கள். தாராளமாகக் கட்டிக்கொண்டு போங்கள், பிள்ளைகளுக்கும் ஆசிரியர்களுக்கும் மிகவும் பிடிக்கும். இரண்டு எச்சரிக்கைகள் மட்டும். அவர்கள் தரும் செருப்பு தளர்வாக இருக்கும், அதைப் போட்டுக்கொண்டு புடவையோடு மேடைப் படி ஏறுவது ஆபத்து. சுத்தமான உள்ளறைக் காலணி ஒன்றைப் பையில் எடுத்துப் போங்கள், அதற்குத் தடை இல்லை. சோதனை செய்வதாக இருந்தால் முந்தானையைச் செருகி மேலே ஆய்வக அங்கி அணியுங்கள், இல்லையென்றால் சல்வார் கமீஸ் போதும். முடிந்த பிறகு ஜே.எஸ்.பி.எஸ்.ஸுக்கு ஓர் அறிக்கைப் படிவம் நிரப்ப வேண்டும்: தலைப்பு, உரை நேரம், கேள்வி நேரம், பயன்படுத்திய மொழி, உங்கள் துணைவரின் கருத்து. அதை அன்றைக்கே, ரயிலில் திரும்பும்போதே இருவரும் சேர்ந்து எழுதிவிடுங்கள். நேரம் போதாமல் பதில் சொல்லாத கேள்வித்தாள்கள் கையில் இருக்கும். அவற்றுக்கு ஒவ்வொன்றாக இரண்டு மூன்று வரியில் பதில் எழுதி, அந்த வாரத்துக்குள் ஆசிரியருக்கு அனுப்புங்கள். வகுப்பில் ஒட்டிவைப்பார்கள். உங்கள் சொற்பட்டியலையோ ஸ்லைடுகளையோ யாராவது ஒருமுறை பார்த்துச் சொல்ல வேண்டுமென்றால் இங்கேயே எழுதுங்கள், நான் பார்த்துச் சொல்கிறேன்.